மைசூர் வாணத்தின் உள்ளும் புறமும்

மைசூரிலிருந்து பெங்களூர் சாலையில் 15 கிலோமீட்டர் போனால் ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரியை ஒட்டிய தோட்டத்துக்குள் திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத் இருக்கிறது. அதன் மேற்குச் சுவரில் ஒரு பெரிய போர்க்கள ஓவியம். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் மகன் திப்புவும் நொறுக்கிய சண்டை அது. (பல்லவ மகேந்திரவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதியதும் இதே புள்ளலூரில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சில ஊர்களுக்கு அப்படியொரு ராசி.) ஓவியத்தின் நடுவில் கும்பினியாரின் மருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. அதைக் கொளுத்திவிட்டது மைசூர்ப் படையின் ராக்கெட் என்று பல நூல்கள் சொல்கின்றன.

அந்த ராக்கெட்டுகளின் வீரதீரம் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. நமக்கு வேண்டியது அவற்றின் உடம்பு மட்டும்: ஒரு முனை மூடிய, மருந்து திணித்த இரும்புக் குழாய். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஓர் உருளையின் படத்தைப் போட்டு, வளைபரப்பு காண்க, கனஅளவு காண்க என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்களே, அதே உருளை. தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் இந்த இரண்டு எண்களும் ராக்கெட் செய்கிறவனை மட்டும் கடைசிவரை விடுவதில்லை. குழாயின் கனஅளவு, எவ்வளவு மருந்து கொள்ளும் என்று சொல்கிறது. பரப்போ இரண்டு வேலை பார்க்கிறது. வெளியே அது இரும்பின் செலவு, உள்ளே அது நெருப்பின் வேகம். வெளியே எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது; உள்ளே எவ்வளவு அதிகமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இந்த இழுபறிதான் இந்த அத்தியாயம்.

முதலில் அளவுகள். மைசூர் ராக்கெட்டுகள் இரண்டு லண்டன் உல்விச்சிலிருந்த பீரங்கிப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெங்களூரின் விண்வெளிப் பொறியியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் வெளியிட்ட ஆய்வறிக்கையால் அவற்றின் அளவுகள் பரவலாகத் தெரியவந்தன. பெரியதன் விட்டம் 58 மி.மீ., நீளம் 254 மி.மீ.; சுமார் ஒரு மீட்டர் நீள வாளின் அலகோடு தோல் வாரால் கட்டப்பட்டிருந்தது. சிறியது 37 மி.மீ. விட்டம், 198 மி.மீ. நீளம், இது 1.9 மீட்டர் மூங்கில் கழியோடு. தீபாவளி ராக்கெட்டில் ஈர்க்குச்சி செய்கிற வேலையை இங்கே வாளும் மூங்கிலும் செய்தன. கையகலக் குழாய், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஐரோப்பியர் வைத்திருந்த ராக்கெட்டுகளுக்கு அட்டைக் கூடுதான். மைசூரில் அது சம்மட்டியால் தட்டிய இளக்கமான இரும்பு.

ஓர் இரும்புத் தகட்டை நீள்சதுரமாக வெட்டிச் சுருட்டினால் குழாய் கிடைக்கும். வளைபரப்புக்கான சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சுருட்டியதைப் பிரித்துப் பார்த்தால் போதும். நீள்சதுரத்தின் ஒரு பக்கம் குழாயின் நீளம், மறுபக்கம் குழாயின் சுற்றளவு. ஆகவே வளைபரப்பு என்பது சுற்றளவு பெருக்கல் நீளம். குழாய் வட்டமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தகட்டை முக்கோணமாக மடியுங்கள், அறுகோணமாக மடியுங்கள், கிடைப்பது பட்டகம். எத்தனை பக்கம் இருந்தாலும் அதன் பக்கப்பரப்பு அதே சுற்றளவு பெருக்கல் நீளம்தான். பாடப்புத்தகங்கள் பட்டகத்துக்கு ஒரு பக்கமும் உருளைக்கு இன்னொரு பக்கமும் ஒதுக்கி, இரண்டும் வேறு வேறு என்று பிள்ளைகளை நம்ப வைத்துவிடுகின்றன. உருளை என்பது பக்கங்கள் எண்ண முடியாதபடி பெருகிவிட்ட பட்டகம், வேறொன்றுமில்லை.

கனஅளவும் அப்படியே. அடிப்பரப்பு பெருக்கல் நீளம். வட்டமோ சதுரமோ நட்சத்திரமோ, அடியிலிருந்து நுனிவரை ஒரே குறுக்குவெட்டாக இருந்தால் சரி. வட்டத்தின் பரப்புக்கு நம் பழைய கணக்கர்கள் ஓர் அழகான வழி வைத்திருந்தார்கள்: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. பை என்ற எண்ணைத் தனியாகத் தொடவே வேண்டாம். கயிற்றால் சுற்றளவை அளந்தால் முடிந்தது. இந்த வழியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நீளத்தால் பெருக்கிப் பாருங்கள். உருளையின் கனஅளவு, வளைபரப்பை ஆரத்தின் பாதியால் பெருக்கியதற்குச் சமம் என்று வந்துவிடுகிறது. அதாவது தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தனக்குள்ளே எவ்வளவு சரக்கை வைத்துக் காக்கிறது என்பதை ஆரம் மட்டுமே தீர்மானிக்கிறது. நீளத்துக்கு அதில் பங்கே இல்லை.

இதை உல்விச் குழாய்களில் போட்டுப் பார்ப்போம். சொன்ன விட்டங்களை வெளிவிட்டம் என்று கொள்வோம். தகட்டின் தடிமன் 3 மி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பெரிய குழாயின் உள்ஆரம் 2.6 செ.மீ., உள்நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. உள்ளே வளைபரப்பு 408 சதுர செ.மீ.; அதை 1.3ஆல் பெருக்கினால் கனஅளவு 531 கன செ.மீ. இறுக்கித் திணித்த கருமருந்து ஒரு கன செ.மீ.க்கு 1.6 கிராம் என்றால் சுமார் 850 கிராம் மருந்து. சிறிய குழாயின் உள்ஆரம் 1.55 செ.மீ., கனஅளவு 147 கன செ.மீ., மருந்து 235 கிராம். விட்டத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது. கொள்ளளவில் மூன்றரை மடங்குக்கும் மேல். பாத்திரக் கடையில் நம்மை ஏமாற்றுவதும் இதே கணக்குதான். நீளத்தைக் கண் பிடித்துக்கொள்கிறது, விட்டத்தின் வர்க்கத்தைக் கோட்டை விடுகிறது.

இனி இரும்பு. தகட்டின் பரப்பைத் தடிமனால் பெருக்கி, மூடிய முனையின் வட்டத்தையும் சேர்த்தால் பெரிய குழாய்க்குச் சுமார் 1.1 கிலோ இரும்பு, சிறியதற்கு 520 கிராம். சிறிய ராக்கெட் 100 கிராம் மருந்தைத் தூக்க 220 கிராம் இரும்பைச் சுமக்கிறது; பெரியதற்கு 128 கிராம் போதும். ஆரம் கூடினால் தோலின் செலவு குறைகிறது என்று மேலே சொன்னோமே, அது இங்கே தராசில் தெரிகிறது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபின் கோட்டையில் கும்பினியார் எடுத்த கணக்கில் 600 ஏவுசாதனங்கள், சுட ஆயத்தமான 700 ராக்கெட்டுகள், 9,000 வெற்றுக் கூடுகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. வெற்றுக் கூடு என்றால் மருந்து செலுத்தக் காத்திருந்த குழாய். எல்லாமே சிறிய ரகம் என்றால் அவற்றை நிரப்ப 2 டன்னுக்குச் சற்று மேல் மருந்து வேண்டும். எல்லாமே பெரிய ரகம் என்றால் ஏழரை டன்னுக்கு மேல். உண்மை நடுவில் எங்கோ இருக்கும். கூடுகளுக்கான இரும்பு மட்டும் குறைந்தது நாலரை டன். ஒரு சமஸ்தானத்தின் கொல்லுலைகள் எவ்வளவு காலம் எரிந்திருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் தவிர பெங்களூர், சித்ரதுர்கா, பிதனூர் என்று பல இடங்களில் இந்த வேலை நடந்தது. அந்தப் பேட்டைகளுக்குத் தாராமண்டல்பேட்டை என்று பெயர். பிதனூர் என்பது இன்றைய சிவமொக்கா மாவட்டத்து நகரா. அங்கே பாழுங்கிணறு ஒன்றில் 2018இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது செய்தியாக வந்தது நினைவிருக்கலாம்.

கைப்பற்றிய ராக்கெட்டுகள் சில இங்கிலாந்துக்குப் போயின. உல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் 1804 வாக்கில் தொடங்கிய சோதனைகளின் பலன் 1806இல் பூலோன் துறைமுகத்திலும் 1807இல் கோபன்ஹேகன் நகரத்திலும் இறங்கியது. அவர் செய்த 32 பவுண்டு ரகத்தின் கூடு நான்கு அங்குல விட்டம், மூன்றரை அடி நீளம். மைசூரின் பெரிய குழாயோடு ஒப்பிட்டால் விட்டம் 1.75 மடங்கு, நீளம் 4.2 மடங்கு. பெருக்கிப் பாருங்கள். தகட்டின் பரப்பு 7.4 மடங்கு, கனஅளவோ 12.9 மடங்கு. விட்டம் ஒருமுறை பெருகுவது பரப்புக்கு, இருமுறை பெருகுவது கனஅளவுக்கு.

அப்படியானால் குழாயை இன்னும் பருமனாக்கிக்கொண்டே போகலாமே, இரும்பு மிச்சமாகுமே என்று கேட்கத் தோன்றும். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே வடிவியல் கொடுத்ததை இயற்பியல் பிடுங்கிக்கொள்கிறது.

எரியும் குழாய்க்குள் அழுத்தம் சாதாரணக் காற்றைப் போல 20 மடங்கு என்று வைப்போம். சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. பெரிய குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியையும் பிரித்துத் தள்ளும் விசை, பிளந்த முகத்தின் மேல் விழும் அழுத்தம். அந்த முகம் ஒரு நீள்சதுரம்: விட்டம் 5.2 செ.மீ., நீளம் 25 செ.மீ., பரப்பு 130 சதுர செ.மீ. ஆக 2,600 கிலோ விசை. அதைப் பிடித்து நிறுத்துவது இரண்டு ஓரத்திலும் உள்ள இரும்பு விளிம்புகள், மொத்தம் 15 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 173 கிலோ. இப்போது மூடிய முனையைப் பாருங்கள். அங்கே 21.2 சதுர செ.மீ. வட்டத்தின் மேல் 424 கிலோ விசை. தாங்குவது சுமார் 5 சதுர செ.மீ. இரும்பு வளையம், சதுர சென்டிமீட்டருக்கு 85 கிலோ மட்டுமே. உருளை எப்போதும் நீளவாக்கில்தான் பிளக்கும், குறுக்கே அல்ல. அந்தத் திசையில் பாரம் சரியாக இரண்டு மடங்கு. கொதிகலன் வெடித்த படங்களைப் பார்த்தால் கிழிசல் ஓடியிருக்கும் திசையே இதைச் சொல்லும்.

அந்த 173ஐ மாறாமல் வைத்துக்கொண்டு ஆரத்தை இரட்டித்தால் பிளக்கும் விசையும் இரட்டிக்கும். தகட்டின் தடிமனையும் இரட்டிக்க வேண்டும். இப்போது இரும்பு எவ்வளவு? சுற்றளவு இரண்டு மடங்கு, தடிமன் இரண்டு மடங்கு, ஆக நான்கு மடங்கு. மருந்தும் நான்கு மடங்கு. மிச்சம் பிடித்தது எல்லாம் போயிற்று! ஒரே அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உருளைகள் சிறியதானாலும் பெரியதானாலும், ஒரு கிலோ மருந்துக்கு ஒரே அளவு இரும்பைத்தான் கேட்கும். அந்த அளவைக் குறைக்க ஒரே வழி, கூடுதலாகத் தாங்கும் பொருளைத் தேடுவது. அட்டையிலிருந்து இரும்புக்கு மாறியதில் மைசூர்க்காரர்கள் செய்தது அதுதான். ஏறத்தாழ ஒரு பவுண்டு மருந்து கொண்ட மைசூர் ராக்கெட் ஆயிரம் கஜம் போனது என்ற கணக்குக்குப் பின்னால் இருப்பது தாங்கும் தோல்.

ஏன் வட்டம் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அதே 21.2 சதுர செ.மீ. குறுக்குவெட்டைச் சதுரப் பட்டகமாகச் செய்தால் சுற்றளவு 18.4 செ.மீ.; வட்டத்துக்கு 16.3. நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அதிக இரும்பு, அதுவும் உள்ளழுத்தத்தில் பக்கங்கள் பிதுங்கி மூலைகள் விண்டுபோகும் இரும்பு. ஒரு பரப்பைச் சூழ்வதற்கு வட்டத்தைவிடக் குறைந்த வேலி கிடையாது. வெளித்தோலைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

உள்ளே வழக்கு தலைகீழ். கருமருந்து மொத்தமாக எரிவதில்லை. வெளியே தெரியும் முகத்தில் மட்டும் பற்றி, அடுக்கு அடுக்காக உள்ளே போகிறது. குழாய் முழுக்க மருந்தைத் திணித்து வாயில் பற்றவைத்தால் மைசூர் ஊதுவத்தி போல நுனியிலிருந்து பின்னோக்கி எரியும். எரியும் முகம் எப்போதும் அதே வட்டம், 21.2 சதுர செ.மீ. விநாடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் எரிகிறது என்று கொண்டால் 25 செ.மீ. தீர 17 விநாடி ஆகும். விநாடிக்கு 51 கிராம் மருந்து புகையாகி, சுமார் 750 மீட்டர் வேகத்தில் வெளியே பாய்ந்தால் உந்துவிசை ஏறத்தாழ 4 கிலோ. இரும்பும் மருந்தும் வாளுமாக ராக்கெட்டின் எடை 3 கிலோ. கிளம்பும், ஆனால் சோம்பலாக. எதிரி நின்று வேடிக்கை பார்க்கலாம்.

வாணம் செய்கிறவர்களுக்கு இது பழைய பிரச்சினை. மருந்தின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை விடுவது அவர்கள் கண்ட தீர்வு. 2 செ.மீ. விட்டத்தில் 20 செ.மீ. ஆழத் துளை என்று வைத்துக்கொள்வோம். இழந்த மருந்து 63 கன செ.மீ., மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. பெற்றதோ, துளையின் சுவரான வளைபரப்பு 126 சதுர செ.மீ. எரியும் முகம் ஒரேயடியாக ஆறு மடங்கு. நெருப்பு இனிப் பின்னோக்கிப் போகாமல் பக்கவாட்டில் சுவரை நோக்கிப் பரவும். மருந்தின் தடிமன் 1.6 செ.மீ. மட்டும் என்பதால் ஒரு விநாடி சொச்சத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒரே மருந்து, ஒரே இரும்பு. பரப்பை மாற்றியதில் சோம்பேறி சீறிப்பாய்கிறது.

ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். எரிய எரியத் துளை அகலமாகிறது. 4 செ.மீ. விட்டம் ஆகும்போது எரியும் சுவர் 251 சதுர செ.மீ.; இரும்பைத் தொடும்போது 327. தொடங்கியதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். குழாயின் உள்ளழுத்தம் எவ்வளவு என்பதை எரியும் பரப்புக்கும் வாய்த்துளையின் பரப்புக்கும் உள்ள விகிதம்தான் முடிவு செய்கிறது. வாய்த்துளை மாறவில்லை, எரியும் பரப்பு ஏறிக்கொண்டே போகிறது. அழுத்தம் கூடினால் மருந்து எரியும் வேகமும் கூடும், அது அழுத்தத்தை மேலும் கூட்டும். தகடு தாங்க வேண்டியது முதல் நொடியின் அழுத்தத்தை அல்ல, கடைசி நொடியின் அழுத்தத்தை; அந்த ஒரு கணத்துக்காக முழுக் குழாயையும் தடிமனாகச் செய்ய வேண்டியிருக்கிறது. மருந்தில் ஒரு விரிசல் விழுந்தாலும் இதே கதி. விரிசல் என்பது கணக்கில் வராத புதுப் பரப்பு. இன்றைய ராக்கெட் எரிபொருள்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதெல்லாம் அந்தப் புதுப் பரப்புக்குப் பயந்துதான்.

இதற்குப் பதில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிடைத்தது, பட்டகத்தின் வடிவில். துளை வட்டமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 4 சதுர செ.மீ. பரப்புள்ள துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்டமானால் சுற்றளவு 7.1 செ.மீ., சதுரமானால் 8, ஐந்து சிறு சதுரங்களை ஒட்டிய கூட்டல் குறி வடிவமானால் 10.7. மூன்றிலும் இழந்த மருந்து ஒன்றுதான், குறுக்குவெட்டு ஒன்றே என்பதால். 20 செ.மீ. நீளத்தில் எரியும் சுவரோ 142, 160, 215 சதுர செ.மீ. என்று ஏறுகிறது. வெளியே வட்டத்தை அரியணையில் உட்காரவைத்த அதே குணம், உள்ளே அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளுகிறது. கூட்டல் குறியின் மூலைகளைப் பெருக்கிக் கூராக்கினால் நட்சத்திரம். குறுக்குவெட்டில் நட்சத்திரம், நீளவாக்கில் மாறாதது. பக்கங்கள் நிறைய உள்ள ஒரு பட்டகம்.

நட்சத்திரத் துளையின் சாமர்த்தியம் தொடக்கச் சுற்றளவில் மட்டும் இல்லை. எரியும்போது ஒவ்வொரு முகமும் தனக்குச் செங்குத்தாகப் பின்வாங்கும். துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மருந்துப் பற்கள் இருபுறமும் எரிந்து மெலிந்து தேய்வதால் சுற்றளவு குறையப் பார்க்கும். துளை ஒட்டுமொத்தமாக விரிவதால் சுற்றளவு கூடப் பார்க்கும். பற்களின் எண்ணிக்கையையும் கோணத்தையும் சரியாகத் தேர்ந்தால் கூடுவதும் குறைவதும் ஈடாகி, சுற்றளவு பெரும்பாலான நேரம் ஏறத்தாழ நிலையாக நிற்கும். நீளம் மாறாதது. சுற்றளவு நிலையானால் பரப்பு நிலையானது, பரப்பு நிலையானால் அழுத்தம் நிலையானது. தகட்டை மெல்லியதாக்கலாம்.

இதே கணக்கை ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கொண்டுபோகலாம். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் 2.8 மீட்டர் விட்டமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட உருளை, உள்ளே எச்.டி.பி.பி. என்ற ரப்பர் வகைத் திட எரிபொருள் 138 டன். அது எரிந்து தீர ஏறத்தாழ 110 விநாடி. எரிபொருளின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.75 டன் என்றால் அதன் கனஅளவு 79 கன மீட்டர். வெளியுருளையின் கனஅளவோ 123. மிச்சமிருக்கும் இடத்தில் பெரும்பகுதி நடுத்துளைக்கும் கீழே உள்ள கூம்புவாய்க்கும் போகிறது.

திப்புவின் கொல்லர் ஒருவர் வந்து இதை ஊதுவத்தி முறையில் எரியவிடச் சொன்னால் என்ன ஆகும்? இந்த எரிபொருள் விநாடிக்கு 7 மி.மீ. எரிகிறது என்று வைப்போம். எரியும் நீளம் 18 மீட்டர் என்றால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, 43 நிமிடம் நின்று எரியும். எரியும் வட்டம் 6.2 சதுர மீட்டர். விநாடிக்கு 76 கிலோ எரிபொருள். அதில் வரும் உந்துவிசை 20 டன்னைக்கூட எட்டாது. முழு ராக்கெட்டின் எடை 300 டன் அளவில். ஏவுதளத்திலேயே நின்று புகைந்து, தன்னைத் தானே தீர்த்துக்கொள்ளும்.

உண்மையில் தேவைப்படுவது 110 விநாடியில் 138 டன், அதாவது விநாடிக்கு 1,255 கிலோ. கனஅளவில் 0.72 கன மீட்டர். அதை 7 மி.மீ.யால் வகுத்தால் எரியும் பரப்பு 102 சதுர மீட்டர் என்று வருகிறது. ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் தரை. 18 மீட்டர் நீளத்தால் வகுத்தால் துளையின் சராசரிச் சுற்றளவு 5.7 மீட்டர். வட்டத் துளையானால் அதன் விட்டம் 1.8 மீட்டர். சிறிதாகத் தொடங்கி 2.8 மீட்டரில் முடிகிற துளைக்கு இது ஒத்துவரும் சராசரிதான். இஸ்ரோவின் வரைபடம் ஒன்றையும் பார்க்காமல், சுற்றளவு பெருக்கல் நீளம் என்ற ஒரே சூத்திரத்தை வைத்துக்கொண்டு, அந்த ராட்சதக் குழாயின் உட்புறத்தை இவ்வளவு தூரம் ஊகித்துவிட முடிகிறது. எந்தப் பகுதியில் வட்டம், எந்தப் பகுதியில் நட்சத்திரம் என்பது மட்டும் நம் ஊகத்துக்கு எட்டாது. பெரிய ராக்கெட்டுகளைத் துண்டு துண்டாக வார்த்து அடுக்குவதால் எல்லாத் துண்டுக்கும் ஒரே துளை இருக்க வேண்டியதில்லை.

1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்பறையில் திப்புவின் படை ராக்கெட் வீசும் ஓவியம் ஒன்றைக் கண்டதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெருமைக்குரிய செய்திதான். பெருமையோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்தக் குழாயின் அளவுகளையும் பாடத்தில் சேர்த்திருந்தால் எட்டாம் வகுப்பு அளவியல் இவ்வளவு அலுப்பாக இருந்திருக்காது என்பது என் கட்சி.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நட்சத்திரத் துளையை எரிபொருளில் யாரும் குடைவதில்லை. கூட்டின் நடுவே நட்சத்திரக் குறுக்குவெட்டுள்ள உலோக அச்சு ஒன்றை நிறுத்தி, சுற்றிலும் எரிபொருள் கூழை ஊற்றி, நாள்கணக்கில் சூட்டில் இறுக வைத்து, அச்சை உருவி எடுப்பார்கள். அச்சு மெய்யான பட்டகமாக, அடியும் நுனியும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால், முழு நீளத்துக்கும் எரிபொருளை உரசிக்கொண்டு வெளியே வர மறுக்கும். இழுத்தால் சுவர் பிய்ந்து, யாருக்கும் வேண்டாத புதுப் பரப்பு உண்டாகும். எனவே அச்சுக்கு லேசான சரிவு கொடுக்கிறார்கள், ஒரு முனை கொஞ்சம் பருமன், மறுமுனை கொஞ்சம் ஒல்லி. அப்போது அது பட்டகமே இல்லை. வாயும் அடியும் ஒவ்வாத பள்ளங்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கும் வழிகளை 9ஆம் நூற்றாண்டிலேயே கர்நாடகத்துச் சமணக் கணித அறிஞர் மகாவீரர் ‘கணிதசாரசங்கிரகம்’ நூலில் ஓர் அதிகாரமாக எழுதிவைத்திருக்கிறார். நமக்கு இங்கே வேண்டியது பரப்பு மட்டும் என்பதால் வேலை இன்னும் சுலபம்: இரு முனைகளின் சுற்றளவையும் கூட்டிப் பாதியாக்கி நீளத்தால் பெருக்கினால், சரிவு இவ்வளவு லேசாக இருக்கும்வரை, விடையில் வரும் பிழை அளக்கவே முடியாத அளவுக்குச் சிறியது.